மணிக்கட்டுக்குப் பதில் ஒரு பெட்டி

என் வலது மணிக்கட்டு உடைந்தது மோட்டார் சைக்கிளில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஈப்போவில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்புவதில்லை. நான் விழுந்தது கையுறை ஃபேக்டரியில், சோப்புத் தண்ணீர் சிந்திக் கிடந்த தரையில், கையில் ஒரு வாளியோடு. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பெரிய மோட்டர வித்துடும்மா" என்றார்கள். நான் வழுக்கி விழுந்தேன் என்றேன். "சரி, வழுக்கித்தான் விழுந்தே. வித்துடு" என்றார்கள்.

அந்த ஃபேக்டரியில் நான் தரப் பரிசோதனைப் பிரிவின் சூப்பர்வைசர். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே கசிகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. வருடக்கணக்கில் கசிவையே தேடிக்கொண்டிருந்தவளுக்கு எதையும் லேசில் நம்ப வராது. கடைக்காரர் "நல்ல பழம்கா" என்றால் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன். என் கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளையைப் பற்றி நானே நாலு இடத்தில் விசாரித்தேன். பாஸ் ஆனார், கட்டிக்கொண்டேன்.

மோட்டார் சைக்கிளையும் அப்படித்தான் வாங்கினேன். நாலு சிலிண்டர், நீல நிறம், பழைய வண்டி. முன்னால் குனிந்து, டேங்க்கின் மேல் நெஞ்சைச் சாய்த்து ஓட்டுகிற வகை. சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் அதை முதன்முதலாக நிறுத்தியபோது, பக்கத்து வீட்டு அக்கா என் வீட்டுக்காரரிடம் போய், "ஒங்களுக்கு எதுக்கு இந்த வயசுல இதெல்லாம்?" என்று கேட்டாராம். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெண் நான் ஒருத்திதான். கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வரைக்கும் இறங்கும்போது முன்னால் போவதும் நான்தான். யாரும் எனக்கு அந்த இடத்தைப் பாவம் பார்த்துக் கொடுக்கவில்லை. மலையிறக்கத்தில் என் பின்னால் வந்தால் பயமில்லாமல் வரலாம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அதற்குக் காரணம் என் வலது கை. பெரிய மோட்டார் ஓட்டாதவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே கியரை ஒன்றொன்றாக இறக்க வேண்டும். கீழ்க் கியரில் எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். அது தயாராவதற்குள் கியரை இறக்கிவிட்டால் பின் சக்கரம் பிடித்துக்கொண்டு குதிக்கும். நேர் ரோட்டில் குதித்தால் திட்டிவிட்டுப் போகலாம். மலை வளைவில் சாய்ந்திருக்கும்போது குதித்தால் திட்டுவதற்கு ஆள் இருக்காது. அதனால் கியர் இறங்குகிற அதே நொடியில் ஆக்சிலேட்டரைச் சின்னதாக ஒரு முறுக்கு முறுக்கி எஞ்சினை எழுப்பிவிட வேண்டும். அதைத்தான் நாங்கள் பிளிப் என்போம். சிக்கல் என்னவென்றால், முன் பிரேக்கும் அதே வலது கையில்தான் இருக்கிறது. இரண்டு விரல்கள் பிரேக்கை ஒரே சீராக அழுத்திக்கொண்டிருக்க, மிச்சக் கை முறுக்க வேண்டும். எல்லாம் மணிக்கட்டின் வேலை.

இதை நான் அழகாகச் செய்வேன். அடக்கமாகச் சொல்ல முடியாத விஷயங்கள் சில இருக்கின்றன. இது அதில் ஒன்று.

மணிக்கட்டில் கட்டுப் பிரித்த பிறகு வீட்டு வேலை செய்ய முடிந்தது. ஃபேக்டரி வேலையும் செய்ய முடிந்தது. மலையிறங்கத்தான் முடியவில்லை. மேலே இருந்து புறப்பட்டுச் சில வளைவுகளிலேயே கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கை வரைக்கும் நோவு இழுத்தது. பிரேக்கைப் பிடித்தால் முறுக்க வரவில்லை, முறுக்கினால் பிரேக் தளர்ந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆளாக, லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து இறங்கினேன். முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்று என்னை முந்திப் போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து வண்டியைத் துடைக்கக்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தினமும் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவருக்கு ரோடு என்றாலே பயம். நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திரும்பும்வரை சாப்பிட மாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன். அவர் ஒருநாளும் கத்தியதில்லை. அந்தச் சமயத்தில் பாரிட் புந்தாரில் நெல் லோரி ஓட்டுகிற இளைஞர் ஒருவர் என் வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர்தான்.

"இங்க பாரும்மா," என்றார் ஒரு காலையில், கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. "ஒரே ஒரு தடவ மலைலேருந்து ஒழுங்கா இறங்கிக் காட்டு. நான் வேன்ல பின்னாலயே வாரேன். முடிஞ்சா வச்சுக்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். முடியலன்னா அந்தப் பையன்கிட்ட சாவியக் குடுத்துடலாம்."

நியாயமான பேச்சு. சோதனை வைத்துப் பிழைக்கிறவள் சோதனை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன். ஆனால் மணிக்கட்டை நம்பிப் போக நான் முட்டாள் இல்லை. முறுக்குவதற்கு ஒரு மெஷினைத் தேட ஆரம்பித்தேன். கியர் லீவரை மிதித்தால் போதும், பிளிப்பைத் தானே செய்துகொள்ளும் ஏற்பாடுகள் இப்போது இருக்கின்றன. கிளட்சும் பிடிக்க வேண்டாம், கையும் முறுக்க வேண்டாம்.

முதலில் பல் டாக்டரின் வண்டி. எங்கள் கூட்டத்தில் வயதில் மூத்தவர் அவர். யாழ்ப்பாணத்துப் பரம்பரை, ஈப்போவில் பல்லாண்டு பல் பிடுங்கிவிட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய புது வண்டியில் இந்த ஏற்பாடு ஃபேக்டரியிலேயே வைத்து வருகிறது. அதில் ஆக்சிலேட்டருக்குக் கேபிளே கிடையாது, எல்லாம் மின்சாரம், கம்ப்யூட்டர். நான் கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டார்.

"ஓம், ஓட்டிப் பாருங்கோ. ஆனா அது கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை. நீங்கள் ஒண்டும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை," என்றார்.

கோலா கங்சார் போகும் பழைய ரோட்டில் ஓட்டினேன். சொன்னது உண்மைதான். லீவரைத் தொட்டதும் எஞ்சின் தானே உறுமி, கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. எந்தக் கியருக்கு எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அதற்கே தெரிந்திருந்தது. என்னைவிட நன்றாகச் செய்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஏதாவது குறை கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று கோலா கங்சார் டவுனுக்குள் ஊர்வலம் போகிற வேகத்தில் ஓட்டினேன். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கியபோது வண்டி வெடுக்கென்று என் தலையை ஆட்டியது. அப்பாடா என்று இருந்தது. டாக்டரிடம் போய், "ரொம்ப நல்லாருக்கு, மெதுவாப் போனா மட்டும் மரியாத தெரியல" என்றேன்.

இரண்டாவது, மெங்லெம்புவில் எனக்கு மோட்டார் பார்க்கும் சீன மெக்கானிக்கின் சொந்த வண்டி. சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவர், தமிழ் என்னைவிட வேகமாகப் பேசுவார். அவருடைய வண்டியிலும் கேபிள் இல்லை. ஆனால் ஃபேக்டரியில் பிளிப் வைத்துத் தரவில்லை. தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை அவரே வாங்கி நடுவில் சொருகியிருந்தார். லீவரை மிதித்ததும் அந்தப் பெட்டி, ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரை முறுக்கினார் என்று கம்ப்யூட்டரிடம் ஒரு பொய் சொல்லும். கம்ப்யூட்டர் நம்பி எஞ்சினை எழுப்பும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தப் பொய் எப்போதும் ஒரே அளவுப் பொய். மேல் கியரிலிருந்து இறங்கினாலும் அதே முறுக்கு, கீழ்க் கியருக்கு வந்தாலும் அதே முறுக்கு. பந்தியில் பச்சைப் பிள்ளைக்கும் பெரிய ஆளுக்கும் ஒரே கரண்டி சோறு போடுகிறவனைப் போல. மேலே சரியாக இருந்தது கீழே போதவில்லை. அதைச் சொன்னதும் மெக்கானிக் முகத்தைச் சுளித்தார்.

"அக்கா, ஒங்களுக்குச் சாமியே வந்து கியர் போட்டாலும் பத்தாதுலா," என்றார்.

"எனக்கு எது ஆகும், அதச் சொல்லு."

"ஒங்க மோட்டர் பழசு. கம்ப்யூட்டர் வாயர் இல்ல, கேபிள்தான். கேபிள இழுக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆளு இதான்," என்று அலமாரியிலிருந்து மூன்றாவதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சின்ன மின்சார மோட்டார் ஒன்று, அதோடு சேர்ந்த பெட்டி ஒன்று, விரல் தடிமனில் ஓர் உணரி, சென்சார் என்பார்களே அது. கியர் லீவரிலிருந்து கியர் பெட்டிக்குப் போகிற கம்பியின் நடுவில் அந்த உணரியை வைத்துப் பொருத்த வேண்டும். லீவரை மிதித்தால் கம்பி இழுபடும். உணரி அதைத் தெரிந்துகொண்டு சொல்லும். சின்ன மோட்டார் ஆக்சிலேட்டர் கேபிளைச் சுண்டி இழுத்து விட்டுவிடும். பார்வைக்கு மூன்றிலும் இதுதான் மட்டம். மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்தால் கல்யாண வீட்டில் சமையல்கட்டு ஆள் மாதிரி இருந்தது.

மாட்டி முடித்ததும் மெக்கானிக் பெட்டியின் மேலிருந்த சிவப்பு விளக்கைக் காட்டினார். "மிதிச்சா எரியும். கால எடுத்தா அணையும். அணஞ்சாத்தான் அடுத்த கியருக்கு வேல செய்யும். சும்மா லீவர் மேல கால வச்சுக்கிட்டே ஓட்டினீங்கன்னா, இந்த அம்மா இன்னும் மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்குன்னு நெனச்சு அது காத்துக்கிட்டே கெடக்கும். புரியுதா?"

புரிந்தது. காலை லீவர்மேல் சும்மா வைக்கிற கெட்ட பழக்கம் எனக்கு இல்லை என்றும் சொல்லி வைத்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம் இப்போது பாதி செம்பனைத் தோட்டம், பாதி புது வீடுகள். நடுவில் ஒரு தார் ரோடு, சாயங்காலங்களில் ஆடுமாடு தவிர யாரும் வரமாட்டார்கள். அங்கே வைத்துத்தான் அந்தப் பெட்டிக்கு நான் பாடம் நடத்தினேன். எவ்வளவு இழுக்க வேண்டும், எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும் என்பதை அதில் திருகி மாற்றலாம். முதல் நாள் அளவு கூடிப்போய் வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. குறைத்தேன். மறுநாள் பின் சக்கரம் கீச்சென்றது, கொஞ்சம் கூட்டினேன். ஒவ்வொரு கியராக, ஒவ்வொரு வேகமாக. காதால் கேட்டுக் கேட்டுத்தான். எனக்கு என் முறுக்கின் சத்தம் தெரியும்: குட்டையாக, மேலே ஏறி உடனே விட்டுவிடுகிற சத்தம். அது வரும்வரை விடவில்லை.

ஒரு சாயங்காலம் அது வந்தது. நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. கை பிரேக்கில் மட்டும் இருந்தது, முறுக்கவே இல்லை. ஆனால் சத்தம் என் சத்தம். டாக்டரின் வண்டியும் மெக்கானிக்கின் வண்டியும் எங்கேயோ இருக்கிற ஒரு எஞ்சினியர் முறுக்குவதுபோல் முறுக்கின. இது நான் முறுக்குவதுபோல் முறுக்கியது. சொல்லிக்கொடுத்தது நான் அல்லவா. ஆடுகளைத் தவிர யாரும் இல்லாத அந்த ரோட்டில் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன்.

மலைக்குப் போவதற்கு முந்தின நாள் முனியாண்டி கோயிலுக்குப் போனோம். எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். வண்டிக்குப் புதிதாக எதை மாட்டினாலும், டயராக இருந்தாலும் பேட்டரியாக இருந்தாலும், முனியாண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்காமல் தூரப் பயணம் போக மாட்டோம். தோட்டம் போய்விட்டது, முனியாண்டி மட்டும் ரோட்டு முனையில் அரிவாளோடு அப்படியே நிற்கிறார். பூசாரி கற்பூரம் காட்டினார். திருநீறு, குங்குமம், ஒரு கறுப்புக் கயிறு கொடுத்தார். சந்தனத்தைக் கைநிறைய எடுத்துக்கொண்டு பிரேக் தட்டின் பக்கம் குனிந்தவரை நான் பாய்ந்து தடுக்க வேண்டியிருந்தது. "சாமி, எங்க வேணா பூசுங்க, அங்க மட்டும் வேணாம், பிரேக் பிடிக்காது" என்று நான் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கயிற்றை என் வீட்டுக்காரர் வாங்கிப் போய் வண்டியில் கட்டினார். அவரும் ஏதோ ஒரு வேலை செய்கிறாரே என்று நான் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வீட்டை விட்டுப் புறப்பட்டபோதே இரண்டு மூன்று தடவை இறக்கிப் பார்த்தேன், பெட்டி வேலை செய்தது. கூட்டத்தில் மற்றவர்கள் முன்பே போய்விட்டார்கள். டாக்டர் மட்டும் எனக்குத் துணையாக வந்தார், எங்களுக்குப் பின்னால் என் வீட்டுக்காரரின் மஞ்சள் வேன். பாரிட் புந்தார் இளைஞரை மலையடிவாரத்துச் சாப்பாட்டுக்கடையில் காத்திருக்கச் சொல்லியாகிவிட்டது. முடிவு எதுவானாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

மேலே மூடுபனி தூறலாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஏறினோம். மலைமேல் இருக்கிற கம்போங் ராஜாவில் தேத்தண்ணீர் குடித்தோம். என் வீட்டுக்காரர் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையாலேயே குவளையைத் தூக்கிக் குடித்தேன்.

இறங்க ஆரம்பித்த முதல் பெரிய வளைவு. பிரேக்கைப் பிடித்தேன், லீவரை மிதித்தேன். முறுக்கு வரவில்லை. கியர் முரண்டு பிடித்துப் பிறகு தடாலென்று விழுந்தது, பின் சக்கரம் குதித்து வெளியே விலகியது. எப்படியோ பிடித்து வண்டியை நேராக்கினேன். அடுத்த வளைவில் கையாலேயே முறுக்கினேன், நோவு முழங்கை வரை போனது. அதற்கடுத்த வளைவிலும் பெட்டி செத்துக் கிடந்தது. ரோட்டோரத்தில் லோரிகள் ஒதுங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன். கோபத்தில் கையுறையைக் கழற்றிச் சீட்டின்மேல் எறிந்தேன்.

வேன் பின்னால் வந்து நின்றது. "அந்தப் பையனுக்குப் போனப் போடுங்க," என்றேன். "நம்ம வண்டி நமக்கில்ல. சொல்லிடுங்க."

அவர் போனை எடுக்கவில்லை. "கொஞ்சம் இரும்மா. என்னன்னு பாரேன்," என்றார். விற்க வேண்டும் என்று சொன்ன மனிதர் இப்படிச் சொன்னது அந்தக் கோபத்திலும் எனக்கு விசித்திரமாக இருந்தது.

பார்த்தேன். கசிவைத் தேடுகிற வேலைதானே என் வேலை. பேட்டரி சரி. கேபிள் சரி. கடைசியாகப் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டியை ஸ்டாண்டில் போட்டாயிற்று, லீவரின்மேல் யாருடைய காலும் இல்லை, விளக்கு எரிகிறது. யாரோ மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று பெட்டி நினைக்கிறது.

டாக்டர் தன் கருவிப் பையைத் திறந்து, நீண்ட காம்பு வைத்த ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்தார். வாய்க்குள் கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற கண்ணாடி. ஓய்வு பெற்ற பிறகு எஞ்சினுக்கு அடியில் பார்ப்பதற்கென்று வைத்திருக்கிறார். குனிந்து அதை லீவருக்குப் பின்னால் நீட்டினார்.

"கறுப்பா ஏதோ சுத்திக் கிடக்கு," என்றார். "கம்பியைச் சேத்து இழுத்துக் கட்டியிருக்கு. நீங்கள் கட்டினதோ?"

நான் தார்மேல் படுத்து எட்டிப் பார்த்தேன். முனியாண்டி கோயில் கயிறு. கியர்க் கம்பியில் உணரியின்மேல் நாலு சுற்று, அங்கிருந்து இழுத்துக் கால் வைக்கிற கட்டையின் சட்டத்தோடு முடிச்சு. பனியில் நனைந்த பருத்திக் கயிறு சுருங்கி, வீணைக் கம்பிபோல் விறைத்து நின்றது. வீட்டில் புறப்படும்போது இந்த அளவுக்கு விறைத்திருக்காது, அதனால் வேலை செய்திருக்கிறது. மேலே வந்து நனைந்ததும் இறுக்கிவிட்டது.

நான் எழுந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகம் விபூதி போட்ட மாதிரி வெளுத்துவிட்டது.

"சாமி கயிறும்மா... புதுசா மாட்டினதுலதான கட்டணும்? ஆனா கால் படக்கூடாதுல்ல. அதான் லீவருல கட்டாம மேல கட்டினேன். ஓடும்போது வழுக்கிக் கீழ காலுக்கு எறங்கிடுமோன்னு அந்தச் சட்டத்தோட சேத்து இறுக்கிட்டேன்."

"ஐயோ, கைப்பிடில கட்டியிருக்கலாம்ல!"

"நீதான சொன்னே, பிரேக் பக்கம் எதுவும் தொங்கக்கூடாதுன்னு."

சொன்னேன்தான். கையுறையில் ஊசி முனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள், என் சொந்த வண்டியில் என் கண்ணெதிரே கட்டிய கயிற்றைப் பார்க்கவில்லை. திட்டுவதற்கு வாயில் நிறைய வந்தது. ஆனால் வேறொன்றுதான் வெளியே வந்தது.

"நான் தோத்துப் போகணும்னுதான நெனச்சீங்க? அப்பறம் எதுக்கு வேண்டிக்கிட்டு இறுக்கிக் கட்டினீங்க?"

"விக்கணும்னு நெனச்சேன்," என்றார் அவர். "நீ தோக்கணும்னு நான் எப்ப நெனச்சேன்?"

பக்கத்தில் டாக்டர் கண்ணாடியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார். இத்தனை வருடம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்தி, அவருக்குள் இந்த இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. நான் விசாரித்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளைதான். என் விசாரணை அதுவரை போகவில்லை.

சாமி கயிற்றை ரோட்டில் வைத்து வெட்டக்கூடாது என்று அவர் சொன்னார், டாக்டரும் ஒப்புக்கொண்டார். நனைந்த முடிச்சு லேசில் அவிழுமா? டாக்டர் பல் குத்தும் ஊசி ஒன்றை எடுத்து, நோயாளிக்கு வலிக்கக்கூடாது என்பதுபோல் பொறுமையாக நெம்பி அவிழ்த்தார். என் வீட்டுக்காரர் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின் சீட்டின் வாரில் கட்டினார். இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பிறகு லீவரை மிதித்தேன். விளக்கு எரிந்தது. காலை எடுத்தேன். அணைந்தது.

"சரி, இனி மெதுவா எறங்குவோம்," என்றார் அவர்.

"எறங்கறதா? திரும்ப மேல போகணும். பாதில ஆரம்பிச்சா அது டெஸ்ட் இல்ல."

"கை ஏற்கனவே நோவுதுன்னியே."

"நோவட்டும். பெட்டிதான முறுக்கப் போகுது."

மீண்டும் கம்போங் ராஜா வரை ஏறினோம். இந்தத் தடவை தேத்தண்ணீர் குடிக்கவில்லை. வண்டியைத் திருப்பி, ஒரு மூச்சு இழுத்துவிட்டு இறங்கினேன்.

அந்த இறக்கத்தைப் பற்றி நான் பெருமையாகத்தான் சொல்லப் போகிறேன். முதல் பெரிய வளைவில் பிரேக்கைப் பிடித்து லீவரைத் தொட்டேன். என் கை அசையவில்லை, என் முறுக்கு மட்டும் கேட்டது. அடுத்த கியர், அடுத்த முறுக்கு. பின் சக்கரம் ரோட்டை விட்டு ஒரு மயிரளவுகூட அசையவில்லை. மணிக்கட்டு பிரேக்கில் அப்படியே கிடந்தது, அதற்கு இப்போது ஒரே ஒரு வேலைதான். பனியைத் தாண்டி வெயிலுக்குள் வந்தோம். முட்டைக்கோஸ் லோரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. நேர் ரோடு வந்ததும் அதை முந்தினேன், டிரைவர் ஹார்ன் அடித்தார், நானும் அடித்தேன். எத்தனையோ தடவை இறங்கிய மலைதான். ஆனால் உடைந்த கையோடு, நானே பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு பெட்டியை நம்பி இறங்கியது அன்றைக்குத்தான். எந்த ஃபேக்டரியும் எனக்கு அதை வைத்துத் தரவில்லை. டாக்டரின் வண்டி கெட்டிக்காரப் பிள்ளைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடைசி வளைவுகளில் கண்ணாடியில் பார்த்தபோது அந்தக் கெட்டிக்காரப் பிள்ளை எனக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது.

அடிவாரத்துச் சாப்பாட்டுக்கடையின் முன்னால் பாரிட் புந்தார் இளைஞர் எழுந்து நின்றிருந்தார். நான் சந்தியில் திரும்புவதற்காகக் கியர்களை இறக்கிய சத்தம் அவருக்கு முன்பே கேட்டிருக்கிறது. வண்டியைச் சுற்றி வந்து டேங்க்கைத் தடவிப் பார்த்தார். தடவியது எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, கை நல்லாயிருச்சா?" என்று கேட்டார். "அண்ணே சொன்னாரு, ஒங்களால இனிமே முடியாதுன்னு. அதான் நம்பி வந்தேன். எப்ப எடுத்துக்கலாம்?"

நான் பதில் சொல்வதற்குள் மஞ்சள் வேன் வந்து நின்றது. சோதனையில் ஜெயித்தது நான். பேச்சைக் காப்பாற்ற வேண்டியது அவர். அவர் எப்படிச் சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வேனின் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. அவருடைய தலைமுடி காற்றில் கலைந்து நட்டுக்கொண்டு நின்றது. வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக அந்த இளைஞரிடம் போனார். அவர் பேசியது கடைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

"மன்னிச்சுக்க தம்பி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். இது விக்கிற வண்டி இல்ல. மலைலேருந்து ஒரு சத்தம் எறங்கி வந்துச்சே, கேட்டியா? அது என் பொண்டாட்டி."

டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் போனார். அந்த இளைஞர் முகம் வாடினாலும் சிரித்தார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, வந்து ஏதாவது சாப்பிடு என்று கை காட்டினார். நான் வரமாட்டேன் என்று தலையசைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் நான் அழுவது அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதைப் போட்டுக்கொண்டே வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.